பிஸ்தாவுக்கு விஷம் வைத்தது யார்

பூனை வாந்தி எடுத்தால் போதும், ஊரில் இருக்கிற எல்லோரும் டாக்டராகிவிடுகிறார்கள். ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் பாண்டியன், பால் சேரவில்லை என்றார். நான் வேலை செய்கிற பீங்கான் யூனிட்டில் சூளை பார்க்கிற ராஜ்மோகன் அண்ணன், புல்லைத் தின்றிருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் வெண்பா, “மூக்கு ஈரமா இருக்குதா பாரும்மா” என்று போனில் கேட்டுவிட்டு, நான் பார்த்துச் சொல்வதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாள். தொட்டுப் பார்த்தேன். அது ஈரமா காய்ச்சலா என்று எனக்கு எப்படித் தெரியும்? அது என் வீட்டுக்கு வந்தே பத்து நாள்தான் ஆகியிருந்தது.

மங்கலம்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் மொத்தமாகத் துபாய்க்குக் கிளம்பியது. அவர்களுடைய பெட்டிகளை ரயிலடிக்குக் கொண்டுவந்தது பாண்டியனின் ஆட்டோதான். வழியனுப்பப் போன நான் பூனையோடு திரும்பி வந்தேன். சாம்பல் நிறம், பச்சைக் கண். அதனால் அதற்குப் பிஸ்தா என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். கூடையை என் கையில் கொடுக்கும்போது அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார். “இதுக்கு ஒரே ஒரு பழக்கம்தாங்க. மணல் கொட்டி வச்சா அதுல போயிக்கும். வேற ஒரு தொல்லையும் கெடையாது.”

எலிக்காக வாங்கி வந்தேன் என்று தெருவில் சொன்னேன். எங்கள் வீட்டில் எலியே இல்லை. வெண்பா வேலைக்குப் போனதிலிருந்து வீடு வீடாகவே இல்லை, அதுதான் விஷயம். யூனிட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். பாண்டியன் வந்தால் செல்போனில் தலையைக் கவிழ்த்துவிடுவார். நான் வருகிற சத்தத்துக்கு யாராவது ஓடி வர வேண்டும் என்று எனக்கு இருந்தது. நாற்பத்தாறு வயதுக்காரி இதைக் குழாயடியில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? பிஸ்தா மூன்றாம் நாளே கதவுக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தது.

மணலுக்கு நான் எங்கே போவேன்? பக்கத்து வீட்டு சின்னம்மாள் அக்கா பாத்ரூம் கட்டுவதற்காக வாசலில் ஆற்று மணல் கொட்டி வைத்திருந்தார். பிஸ்தா புத்திசாலி. நான் ஒன்றும் ஏற்பாடு செய்வதற்கு முன்பே அந்தக் குவியலைக் கண்டுபிடித்துவிட்டது. நான்காம் நாள் காலையில் சின்னம்மாள் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஏ அன்பரசி! ஒம் பூனைய வூட்டோட வச்சிக்க. கலவையில கை வச்சா நாறுதுன்னு கொத்தனாரு கரண்டிய போட்டுட்டுப் போயிட்டாரு. இன்னொரு வாட்டி மணல்ல ஏறுனா எலி மருந்து வச்சிடுவேன், ஆமா!”

“ஒங்க மணல் யாருக்கு வேணும்? அதுல போவணும்னு எங்க பூனைக்கு என்னா தலையெழுத்தா?” என்று நானும் கத்தினேன். கத்துவதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. எங்கள் யூனிட்டில் அரவை மிஷின் ஓடும்போது அந்தக் கோடியில் இருக்கிறவரைக் கூப்பிட வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடச் சொல்வார்கள்.

கத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது.

பதினெட்டு வருடமாக நான் அச்சுப் பிரிவில் வேலை செய்கிறேன். பீங்கான் பொம்மை, கப்பு, ஜாடி எல்லாவற்றுக்கும் முதலில் பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். மாவு பால் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் கல் மாதிரி இறுகிவிடும். மூட்டை பிரித்து நாள்பட்ட மாவு அச்சுக்குச் சரிவராது என்று ஒதுக்கிவிடுவார்கள். எடுத்துக்கோங்க என்று சூப்பர்வைசரே சொல்வார். சுவர் ஓட்டையை அடைக்க, எறும்புப் புற்றை மூட, உடைந்த குழாயைச் சுற்ற என்று எங்கள் ஊரில் அந்த மாவு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நான் ஒரு பை கொண்டுவந்து, பழைய சாப்பாட்டுத் தட்டில் நிரவி, பிஸ்தாவுக்கு வைத்தேன்.

அடடா, என்ன சுகம்! அது ஒன்றுக்குப் போன இடம் மட்டும் வட்டமாக இறுகிக்கொண்டது. தோசைக் கரண்டியால் நெம்பி எடுத்து எறிந்தால் வேலை முடிந்தது. நாற்றம் துளிகூட இல்லை. முதலில் பிஸ்தா தட்டில் இறங்க மாட்டேன் என்று சுற்றிச் சுற்றி வந்தது. நான் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டேன். வேறு வழியில்லாமல் இறங்கியது. பிறகு வெள்ளைக் காலோடு வீடு முழுக்கத் தடம் போட்டுவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக விரல் இடுக்கு வரைக்கும் நக்கித் துடைத்தது.

“பாத்தீங்களா? ஒங்க சாக்ஸவிட சுத்தம்” என்று பாண்டியனிடம் காட்டினேன். யூனிட்டிலும் பெருமை அடித்தேன். பூனை வளர்க்கிற இரண்டு பேர் அடுத்த வாரம் தாங்களும் மாவு கொண்டுபோவதாகச் சொன்னார்கள்.

பத்தாம் நாள் பிஸ்தா வாந்தி எடுத்தது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் மீன் வாங்கி ஆய்ந்து, முள் எடுத்து, வேகவைத்துக் கொடுத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தட்டில் வந்து குந்தும், முக்கும், ஒன்றும் வராது, எழுந்து போகும். திரும்ப வரும். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பாலைக் கொட்டினேன். மீன்காரரிடம் போய், பழைய மீனைக் கொடுத்துவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் பாவம், காலையில் வந்த பெட்டியைத் திறந்து காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் லீவு சொல்லிவிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தவர், “மாடா ஆடா?” என்றார்.

“பூனைங்க.”

அவர் எனக்குப் பின்னால் மாடு ஏதாவது நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார். பிறகு, “டாக்டரம்மா கிராமத்துப் பக்கம் தடுப்பூசி முகாமுக்குப் போயிருக்காங்க. நாளைக்கு வாங்க” என்றார்.

“நாளைக்கு வரைக்கும் இது தாங்குமாங்க?”

“பூனைக்கு ஒன்னும் ஆவாதும்மா. அது கெட்டி உசுரு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடையை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது. கெட்டி உசுராம். உள்ளே பிஸ்தா வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அதைப் பார்த்தேன். சின்னம்மாள் அக்கா வீட்டுக் குப்பை வாளியில், மேலாகவே, எலி மருந்து அட்டை. அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வைத்துவிடுவேன் என்று சொன்னவர் வைத்துவிட்டார்.

தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். சின்னம்மாள் அக்காவும் நின்றார். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அரவை மிஷினைத் தாண்டிக் கேட்கிற என் குரலில் ஆரம்பித்தேன்.

“எங்க பூனைக்கு வெஷம் வச்சது இவங்கதான்! வாயில்லா ஜீவனுக்கு வெஷம் வச்ச கையி, நாளைக்கு மனுஷனுக்கு வைக்காதுன்னு என்னா நிச்சயம்? இவங்க வூட்டுல யாரும் தண்ணிகூட வாங்கிக் குடிக்காதீங்க!”

சின்னம்மாள் அக்காவின் முகம் வெளுத்துப்போனது. அவர் காலையில் இட்லி விற்கிறவர். தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் வாங்குகிறார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன். கோபம் வந்தால் எங்கே அடித்தால் வலிக்கும் என்று என் வாய்க்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பாண்டியன் கேட்டார். “கதவு ஜன்னலெல்லாம் சாத்திதான வச்சிருக்கிற. அவங்க எப்புடி வச்சிருப்பாங்க?”

“ஜன்னல் இடுக்கு வழியா போட்டிருப்பாங்க. நீங்க யாரு பக்கம்?”

“நான் எந்தப் பக்கமும் இல்ல தாயே” என்று அவர் செல்போனை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சின்னம்மாள் அக்கா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றவே இல்லை. குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோவில் எங்களுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார்.

“எறங்குங்க” என்றேன்.

“எறங்க மாட்டேன். மருந்து எங்க வூட்டு எலிக்குத்தான் வச்சேன். டாக்டரு வாயால சொல்லட்டும். வெஷம்னு சொன்னா நான் தெருவவிட்டே போயிடறேன். இல்லன்னு சொன்னா ஒன்ன என்னா செய்யலாம்னு நீயே யோசிச்சிக்க.”

ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் ஒரே சீட்டில், கூடையை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

டாக்டர் மோகனப்பிரியாவுக்கு வெண்பா வயதுதான் இருக்கும். எங்களுக்கு முன்னால் கால் வீங்கிய பசு ஒன்று, குட்டி போட முடியாத ஆடு ஒன்று. எங்கள் முறை வந்ததும் பிஸ்தாவை மேஜையில் கிடத்தினேன். துணி மாதிரி கிடந்தது.

“எலி மருந்துங்க டாக்டர். நிச்சயமா அதான். ஊசி போட்டுடுங்க” என்றேன், சின்னம்மாள் அக்காவின் பக்கம் பார்த்துக்கொண்டே.

டாக்டர் பிஸ்தாவின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தினார். பிஸ்தா முனகியது.

“எலி மருந்துன்னா ரத்தம் கசியும். இங்க அது மாதிரி தெரியல. வயித்துல கட்டி கட்டியா இருக்குது. கடைசியா எப்ப வெளிக்குப் போச்சு?”

“நாலு நாள் இருக்கும்ங்க.”

“எதுனா முழுங்கிச்சா? நூலு, ரப்பரு, துணி?”

“இல்லைங்க.”

“நல்லா யோசிச்சிச் சொல்லுங்கம்மா. நூல் முழுங்கியிருந்தா எனிமா குடுக்கக் கூடாது, கொடல் கிழிஞ்சிடும். ஆப்பரேஷனுக்கு புதுச்சேரிக்குத்தான் போவணும். இது இருக்கிற நெலமைக்கு அவ்ளோ தூரம் தாங்காது. நூல் இல்ல, கெட்டியா வேற எதுனான்னா இங்கயே எண்ணெய் குடுத்து எளக்கிப் பாக்கலாம். என்னா தின்னுச்சுன்னு தெரியாம நான் எதையும் செய்ய முடியாது.”

சொல்லிக்கொண்டே பிஸ்தாவின் முன்னங்காலைத் திருப்பினார். விரல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பஞ்சால் துடைத்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டி என் கையில் வைத்தார்.

“இது என்னா, சுண்ணாம்பா?”

கட்டை விரலால் நசுக்கிப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை. பதினெட்டு வருடம் என் நகக்கண்ணில் இருக்கிற சங்கதி அது. டீ குடிக்க வெளியே போகும்போதெல்லாம், கையைக் கழுவிவிட்டுக் குடி, மாவு வயிற்றுக்குள் போனால் கல்லாகிவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்கிறவள் நான்தான். அந்த நான், அதே மாவைத் தட்டில் கொட்டி, கதவைச் சாத்தி, அதை நக்க வைத்து, சுத்தம் பார் என்று வேடிக்கை காட்டியிருக்கிறேன்.

சின்னம்மாள் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டுக்காரர், பசுக்காரர், நேற்றைய மேஜைக்காரர், பாண்டியன் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சுண்ணாம்புதாங்க. செவுத்துல ஒரசியிருக்கும்” என்றேன்.

சொன்னேனா? சொன்னேன். என் வாய்தான் சொன்னது. அது உயிர் போகக் கிடக்கிறது, எனக்கு மானம் பெரிதாக இருந்தது.

“அப்ப என்னான்னு தெரியல. புதுச்சேரிக்கு எழுதித் தரேன். ஒடனே கெளம்பிடுங்க” என்று டாக்டர் பேனாவை எடுத்தார். பாண்டியன் ஆட்டோவைத் திருப்ப வெளியே போனார். பிஸ்தா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. வேறு யாரையும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது பார்க்கிற அதே பார்வை. இவளுக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி.

“எழுதாதீங்க டாக்டர்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “பிளாஸ்டருங்க. யூனிட்டுல அச்சு எடுக்கிற மாவு. மணலுக்குப் பதிலா நான்தான் அதுல போவ வச்சேன். கால நக்கி நக்கி உள்ள போயிருக்குது. நூல் எதுவும் இல்ல. வூட்டுல நூலே இல்லைங்க.”

டாக்டர் பேனாவை மூடினார். “எவ்ளோ நாளா?”

“ஒம்போது நாளா.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாம்மா?” என்று ஒரு சத்தம் போட்டார். அந்தப் பெண்ணின் சத்தத்தில் வாசலில் நின்ற பசுகூடத் திரும்பிப் பார்த்தது. என்னை இதுவரை யாரும் அப்படித் திட்டியதில்லை, நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டதில்லை. வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாயில் எண்ணெய் விட்டார்கள். எனிமா கொடுக்கும்போது பின்னங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். என் பிடி நழுவிக்கொண்டே இருந்தது. சின்னம்மாள் அக்கா என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, நல்ல புடவையோடு குனிந்து பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து முதல் துண்டு வந்தது. பிறகு இரண்டு. வெள்ளையாக, விரல் நீளத்துக்கு. குடலின் மடிப்பெல்லாம் அதன் மேல் வரி வரியாகப் பதிந்திருந்தது. யூனிட்டில் இப்படி வந்தால், அச்சு சுத்தமாக எறங்கியிருக்குது என்று சொல்வோம். அதைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன்.

“இன்னும் இருக்கும். எண்ணெய மூணு நாளைக்குக் குடுங்க. இன்னிக்கி ஒன்னுக்குப் போயிட்டா பயமில்ல” என்றார் டாக்டர். “அந்த மாவ மொதல்ல வூட்டவிட்டு வெளிய எறிங்க.”

நேற்றைய மேஜைக்காரர், “நான்தான் சொன்னனே, கெட்டி உசுருன்னு” என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

திரும்பி வரும்போது கூடை வேண்டாம் என்று பிஸ்தாவைச் சின்னம்மாள் அக்காவே மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில் அது அவருடைய புடவையை நனைத்தது.

“சனியனே, எம்மேலதான் போவணுமா ஒனக்கு?” என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை. பாண்டியன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைத்தேன்.

தெருமுனை திரும்பியதும் சின்னம்மாள் அக்கா, “பாண்டியா, நிறுத்து” என்றார். குழாயடி. தண்ணீர் வரும் நேரம். நேற்று நின்ற அதே பெண்கள்.

“எறங்கு” என்றார் என்னைப் பார்த்து.

“அக்கா, பூனைய வூட்டுல வுட்டுட்டு வந்துடறேன். அப்பறமா பேசிக்கலாம்.”

“பூனைய நான் பாத்துக்கறேன். இன்னிக்கிக் காலையில எங்கிட்ட ஒருத்தி இட்லி வாங்க வரல அன்பரசி. பானை ஏத்தலன்னு யாருக்கும் தெரியாது. கதவையே தட்டல. நீ எறங்கு.”

இறங்கினேன். பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். “பூனை பொழச்சிடுச்சு” என்றேன். “அது வந்து, யூனிட்டு மாவு கொஞ்சம் வாயில பட்டுடுச்சாம். அக்கா ஒன்னும் செய்யல.”

“கேக்கல” என்றார் சின்னம்மாள் அக்கா ஆட்டோவுக்குள்ளிருந்து. “நேத்து இப்புடியா சொன்ன? நேத்து சொன்ன மாதிரியே சொல்லு.”

வாயைத் திறந்தேன். அரவை மிஷினைத் தாண்டிக் கேட்கிற குரல் எங்கே போனதோ தெரியவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. யாரும் மூடவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“எங்க பூனைக்கு வெஷம் வச்சது...” என்று ஆரம்பித்தேன். ஒரு இருமல் இருமிவிட்டு, தெருவின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி, திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

“எங்க பூனைக்கு வெஷம் வச்சது நான்தான்!”